நாதுலாவும் சித்தப்பா மகனும்

வருகிற மே மாதம் நாதுலா போவதாக ஏற்பாடு. ஆமத்தூர் வெயிலில் உட்கார்ந்து கம்பளிச் சட்டை தேடுகிறேன். வீட்டம்மாவுக்கு ஒரே சிரிப்பு. காங்டாக்கிலிருந்து ஐம்பது கி.மீ.க்குச் சற்று அதிகம், உயரம் 14,000 அடிக்கு மேல். திங்கள், செவ்வாய் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியில்லை. மற்ற நாட்களுக்குப் பதிவு பெற்ற பயண முகவர் மூலம் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வாக்காளர் அட்டை, போட்டோ அவசியம். நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

சிக்கல் வேறு. காரைக்காலில் என்னோடு ஒரே பெஞ்சில் பிரெஞ்சு படித்த சித்தப்பா மகனும் அவன் மனைவியும் கூட வருகிறார்கள். 1962-ல் ஒப்பந்தம் அமலானபோது குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தந்தார்கள். சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. பாரிஸில் இருந்தாலும் தம்பியின் தமிழ் என் பேரன்களுடையதைவிடச் சுத்தம். ஆனால் நாதுலாவுக்கு வெளிநாட்டினரை விடுவதில்லை. வழியில் உள்ள சாங்கு ஏரி வரைதான் அவர்களுக்கு அனுமதி.

"நீ மேலே போயிட்டு வாண்ணே, நாங்க ஏரிக்கரையில டீ குடிச்சிட்டு இருக்கோம்" என்கிறான் போனில். எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லோரும் ஏரியோடு திரும்பிவிடலாம் என்றால் என் மகன் கோபிக்கிறான். முகவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.