கடல் நீரின் விலை

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிப்பது எனது தொழில். முருகைக்கல்லைக் கட்டியெழுப்பும் சிற்றுயிர்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் மாணவர்க்கு ஒரு கதை சொல்வது எனது நீண்டநாள் வழக்கம்.

கதை நிகழ்ந்தது 1846 ஆம் ஆண்டில். அன்னா தைன் என்னும் ஆங்கிலச் சீமாட்டி, டோர்க்கி என்ற கடலோரப் பட்டினத்தில் கண்ட முருகை உயிர்கள் சிலவற்றைச் சாடியொன்றில் இட்டு, இலண்டனிலிருந்த தன் இல்லத்துக்குக் கொண்டுசென்றாள். இலண்டனிலே கடல் இல்லை. கொண்டுவந்த நீரோ சொற்பம். நீரிற் காற்றுக் கலவாவிடின் உயிர்கள் மடிந்துபோகும். ஆகவே, அந்த நீரைத் திறந்த சாளரத்தின் முன் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி ஊற்றும்படி தன் வேலைக்காரச் சிறுமியை அவள் ஏவினாள். ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணி நேரம் அந்த வேலை நடந்தது. களைப்புத் தரும் வேலைதான். ஆயினும் சிறுமிக்கு அது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது என்று பிற்காலத்தில் சீமாட்டி எழுதினாள். சிறுமியின் பெயரை அவள் எழுதவில்லை.

வீட்டினுள்ளே முருகை உயிர்களை வளர்த்தோரின் வரலாற்றில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுபவள் இச் சீமாட்டி. ஆனால் அவ்வுயிர்களைக் காப்பாற்றியவை எவருடைய கைகள்? இவ்விடத்தில் நான் சற்று நிறுத்துவேன். "வேலைக்காரப் பிள்ளையின் கைகள்" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். எனக்குத் திருப்தியாக இருக்கும். வரலாறு எசமானரின் பெயரை எழுதும், ஏவலரின் கையை மறக்கும் என்று கூறிப் பாடத்தை முடிப்பேன். இவ்வாறு பல ஆண்டுகள் சொன்னேன். அக்கதை என்னைப் பற்றியதும் ஆகலாம் என்று ஒருநாளாவது எனக்குத் தோன்றியதில்லை.

எனது வீட்டு விறாந்தையில் நான்கடி நீளமான கண்ணாடித் தொட்டியொன்று உண்டு. அது 250 லீற்றர் நீர் கொள்ளும். கரையில் ஒதுங்கிய சுண்ணக்கல் துண்டுகளை அடுக்கி, எங்கள் கடலின் முருகைக்கற்பார் ஒன்றின் சாயலை அதிலே உண்டாக்க முயன்றேன். உயிருள்ள முருகையைக் கடலிலிருந்து எடுப்பது நமது நாட்டுச் சட்டப்படி குற்றம். அதை நான் தொடவில்லை. ஒரு கடலனிமனி, அதனுள் ஒளிந்து விளையாடும் இரண்டு கோமாளி மீன்கள், சில இறால்கள், கல்லிலே தாமாக முளைத்த செந்நிறப் பாசி, குழாய்ப்புழுக்கள் ஆகியனவே என் சிறு கடலின் குடிமக்கள். மாலையில் அயற் பிள்ளைகள் வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்று பார்ப்பார்கள்.

ஆரம்பத்தில் கொழும்பிலிருந்து வருவித்த செயற்கைக் கடலுப்பைக் கிணற்று நீரிற் கரைத்தே தொட்டியை நடத்தினேன். 2022 ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. ரூபாவின் பெறுமதி விழ, அந்த உப்பின் விலை ஓர் ஆசிரியனின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது. கடலிலிருந்து மூன்று மைல் தொலைவில் குடியிருக்கும் ஒருவன், கடலுப்பைக் கப்பலில் வருவித்துக் கரைத்துக்கொண்டிருந்த விந்தையை அந்த நெருக்கடிதான் எனக்குக் காட்டியது. காசில்லாத நீர் கண்முன்னே கிடக்கிறதே என்று எண்ணினேன்.

விஞ்ஞானமும் எனக்குத் துணை நின்றது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சலஞ்சர் கப்பல் கொணர்ந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிற்மார் என்ற இரசாயன அறிஞர் பகுத்தாய்ந்து, 1884 இல் முடிவை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் அளவு கூடலாம், குறையலாம். ஆனால் பிரதான உப்புக்கள் தம்முள் கொண்டிருக்கும் விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதே அவர் உறுதிப்படுத்திய உண்மை. ஒரு கிலோகிராம் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் பெரும்பகுதி நமது அடுப்படி உப்பேயாயினும், லீற்றருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியமும் 1300 மில்லிகிராம் மகனீசியமும் அதனோடு கலந்துள்ளன. முருகை உயிர் தன் கல்வீட்டைக் கட்டுவது அந்தக் கல்சியத்தைக் கொண்டுதான். இவை தவிர, கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களும் மிதவையுயிர்களும் அந்த நீரோடு வருகின்றன. இவற்றை எந்த உப்புப் பொதியும் தராது.

ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், இயற்கைக் கடல் நீரையும் உயிர் படிந்த கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு கடல் மீன்களை வளர்த்த முறையை 1961 இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் எழுதி உலகறியச் செய்தார். விலையுயர்ந்த கருவிகளை நாடாமல், கடலோரத்து ஆசியர் ஒருவர் தம் முற்றத்துக் கடலை நம்பிக் கண்ட வழி அது. அதை வகுப்பிலே பெருமையோடு எடுத்துரைத்தேன்.

அன்று பாடம் முடிந்ததும் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். வடமராட்சியின் வடகரையில் மீன்பிடிக் குடும்பமொன்றின் பிள்ளை. "சேர், அப்பா விடியப்புறம் வரேக்கை வெளித்தண்ணி அள்ளிக்கொண்டு வருவார். நான் கொண்டந்து தாறன்" என்றான். நான் மகிழ்ந்து, 20 லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் கான்கள் நான்கை அவனிடம் கொடுத்தேன்.

வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கான்கள் வந்தன. நான் ஏழு மணிக்கே பாடசாலைக்குப் புறப்பட்டுவிடுவேன். பிற்பகலில் திரும்பும்போது அவை கிணற்றடியில் நிழலில் வைக்கப்பட்டிருக்கும். வெள்ளைத் துணியில் வடித்து, நீரமானியை மிதக்கவிட்டுப் பார்ப்பேன், 1.025 ஐ அண்டி நிற்கும். இருளான மூலையில் மூடிவைத்துக் காற்றுச் செலுத்தி, பின்னர் தொட்டியில் மாற்றுவேன். அனிமனி விரிந்து மலர்ந்தது. கற்களிலே முன்னர் காணாத சிற்றுயிர்கள் தோன்றின. இயற்கை நீரின் மேன்மையைப் பற்றிச் சக ஆசிரியர்களிடம் பேசிக்கொண்டேயிருந்தேன்.

அதே ஆண்டின் மார்ச்சு முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. காற்றுப் பம்பி நின்றால் தொட்டியில் ஒட்சிசன் குறையும். மாலை வேளைகளில் அந்த மாணவன் வந்து, செம்பொன்றினால் நீரை மொண்டு, உயரத் தூக்கி மீண்டும் ஊற்றிக்கொண்டிருப்பான். நான் பக்கத்தில் அரிக்கன் விளக்கொளியில் விடைத்தாள் திருத்துவேன். அவன் முகத்தில் சலிப்பு இருந்ததாக எனக்கு நினைவில்லை. 'பையனுக்கு இதிலே நல்ல விருப்பம்' என்று எண்ணிக்கொண்டேன். இலண்டன் சீமாட்டி எழுதியதும் இதையேயல்லவா? அன்று அது என் நெஞ்சில் உறைக்கவில்லை.

ஆவணியில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. எங்கள் கரையின் சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. தொழிலுக்குப் போகும் நாட்கள் குறைந்தன. எனினும் கிணற்றடியில் கான்கள் வந்துகொண்டேயிருந்தன. எப்படி வந்தன என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகையில் கடல் கொந்தளித்தது. மூன்று வாரங்கள் நீர் வரவில்லை. தொட்டியில் கழிவு சேர்ந்து நீர் மங்கத் தொடங்கியது. பொறுமையிழந்து, ஓட்டோ ஒன்றில் நான்கு கான்களை ஏற்றிக்கொண்டு தொண்டைமானாற்றின் முகத்துவாரப் பக்கம் போனேன். கரையில் நின்று அள்ளினேன். வீட்டுக்கு வந்து நீரமானியை இட்டால் 1.015 தான் காட்டியது. மழை நீர் கலந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று எண்ணினேன். கணக்குப் போட்டேன். 80 லீற்றருக்கு 1,200 கிராம் உப்பு போதும். கடையில் வாங்கிய உப்பைக் கரைத்தேன். நீரமானி 1.025 ஐக் காட்டியது. தொட்டியில் ஊற்றினேன்.

மறுநாள் அனிமனி சுருங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் கோமாளி மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் எஞ்சியவை சில புழுக்கள் மட்டுமே. காலையில் வந்த அயற் பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள்.

நான் திருத்தியது எண்ணை, நீரையல்ல. டிற்மார் கண்ட மாறா விகிதம் திறந்த கடலுக்குரியது. வயல்களையும் தோட்டங்களையும் கழுவிக்கொண்டு வரும் வெள்ளம் கலக்கும் முகத்துவாரத்துக்கு அது பொருந்தாது. குறைந்துபோன கல்சியத்தையும் மகனீசியத்தையும் கடை உப்பு ஈடு செய்யாது. வெள்ளத்தோடு வந்த உரத்தையும் பூச்சிமருந்தையும் நீரமானி காட்டாது. இவையெல்லாம் நான் கற்பிக்கும் பாடத்திலேயே உள்ளவை.

செய்தியறிந்து, அந்த மாணவனின் தந்தை ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் நின்றபடியே தொட்டியைப் பார்த்தார். உட்காரச் சொன்ன பின்னரே உட்கார்ந்தார்.

"மாஸ்டர், தொண்டைமானாத்துக் கதவு திறந்து ஆறு நாளாச்சு. அந்தத் தண்ணியிலை மீனே நிக்காது. நாங்கள் அந்தப் பக்கம் வலையும் போடமாட்டம். சின்னப் பெடியனுக்கும் தெரியும். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். எட்டு மாதங்களாக அவர் அள்ளித் தந்த நீரில் என் தொட்டி வாழ்ந்தது. எங்கே அள்ளுகிறார், ஏன் அங்கே அள்ளுகிறார், எந்த நாளில் அள்ளாமல் விடுகிறார் என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை. கரையிலிருந்து இரண்டு மைல் வெளியே, நீரின் நிறம் மாறும் இடம் தாண்டி, மேற்படலத்தை விலக்கிக் கானைத் தாழ்த்தி அள்ளுவாராம். எண்ணெய் மிதந்தால் அள்ளமாட்டாராம். சலஞ்சர் கப்பலின் கணக்கை மனப்பாடமாக அறிந்திருந்த நான், என் வீட்டுக்கு நீர் தந்த படகின் கணக்கை அறிந்திருக்கவில்லை. அவருடைய அறிவைத் 'தொழில்' என்றும் என்னுடையதைக் 'கல்வி' என்றும் பிரித்துவைத்த சமுதாயத்தின் பிள்ளையாகவே நானும் இருந்தேன்.

அவர் சென்ற பின்னர் வகுப்பின் வரவுப் பதிவேட்டை எடுத்து விரித்தேன். ஏனென்று என்னாற் சொல்ல முடியாது. திங்கட்கிழமைகளில் அந்த மாணவனின் பெயருக்கு நேரே, முதற் பாடவேளையில், வரவில்லை என்று என் கையாலேயே குறித்திருந்தேன். நீர் வந்த நாள் திங்கட்கிழமை. படகு கரைசேர்ந்த பின்னர் 40 கிலோவுக்கு மேற்பட்ட சுமையைச் சைக்கிளில் கட்டி மூன்று மைல் மிதித்து, கிணற்றடியில் இறக்கிவிட்டுப் பாடசாலைக்கு வரும்போது வாயிற்கதவு மூடப்பட்டிருக்கும். பிந்தி வருவோர் ஒரு பாடவேளை வெளியே நிற்பது ஒழுங்கு. கடல் நீரைப் பற்றி நான் உள்ளே பாடம் நடத்தினேன். அதைச் சுமந்தவன் வெளியே வெயிலில் நின்றான். அவன் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்க முடியாதபடி அவனுக்கும் எனக்குமிடையே எது நின்றது என்பதை நம்மைப் போன்ற ஆசிரியர்கள் சிந்திக்க வேண்டும்.

அடுத்த தை மாதம் கடல் அடங்கியது. நீருக்குரிய பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சிரித்தார்.

"தண்ணிக்குக் காசு வாங்க ஏலாது, மாஸ்டர். கடல் என்ரை இல்லை. கொண்டுவாற கூலியைத் தாங்கோ, வாங்கிறன்."

பொருளாதார நூல்களைப் படித்து நான் பெற்ற தெளிவைக் காட்டிலும் இவ்வாக்கியங்களில் பெற்றது அதிகம். கடல் பொதுச்சொத்து, அதற்கு விலையில்லை. அதை என் வாசலுக்குக் கொணரும் உழைப்புக்கு விலையுண்டு. நான் இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டையும் இலவசமென்று எண்ணியிருந்தேன்.

கடல் எவருடையதும் அன்று எனின், அதைக் கெடுக்கும் உரிமையும் எவருக்கும் இல்லை. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. 1,000 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்ரிக் மணிகள் அதிலே இருந்தன. மேற்குக் கரை வெண்மணிகளால் மூடுண்டது, மீன்பிடி தடைசெய்யப்பட்டது. நீர்கொழும்புக் கரையில் சிங்களம் பேசும் மீனவரும் தமிழ் பேசும் மீனவரும் ஒருங்கே தொழிலிழந்தனர். தொட்டி நீரை நான் வாரந்தோறும் மாற்றலாம். கடல் நீரை மாற்றுவதற்கு வேறொரு கடல் இல்லை.

இப்போது நீர் சனிக்கிழமைகளில் வருகிறது. விடியற்காலையில் நானே ஓட்டோவோடு கரைக்குப் போய், முழங்காலளவு நீரில் இறங்கிக் கானைப் படகிலிருந்து வாங்குகிறேன். முதல் நாள் ஒரு கானைக் கரைசேர்ப்பதற்குள் இருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினேன். படகில் நின்றவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவ்வாண்டு முருகைப் பாடம் வந்தபோது அவரை வகுப்புக்கு அழைத்தேன். தயங்கித் தயங்கி வந்து, நாற்பது நிமிடம் பேசினார். நிறத்தையும் நுரையையும் நீரோட்டத்தையும் கொண்டு தண்ணீரை அறிவது எப்படி என்று விளக்கினார். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பின்வாங்கில் இருந்து குறிப்பெடுத்தேன். அவருடைய மகனும் அன்று முதற் பாடவேளையிலேயே உள்ளே இருந்தான். அவர்களின் பெயர்களை இங்கே எழுத விரும்பினேன். வேண்டாமென்று அவர்களே தடுத்துவிட்டார்கள்.

இலண்டன் சிறுமியின் கதையை இன்னமும் சொல்கிறேன். ஆனால் வரலாற்றின் மேல் பழியைப் போட்டுப் பாடத்தை முடிப்பதில்லை. என் கிணற்றடியில் இருந்த கான்களின் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன்.