விளக்கை அணைப்பதற்கும் ஒரு கணக்கு

மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்க் கடைத்தெருவில் இரவு ஷட்டரை இறக்கும் முன் கடைக்காரரின் கை தானாகவே சுவிட்சுக்குப் போகும். கரண்ட் பில் அவர் பையிலிருந்து போகிறது, அதனால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் மீட்டிங் அறை விளக்கை அணைப்பது யார் வேலை? யார் வேலையும் இல்லை! ஆள் இல்லாவிட்டால் தானே அணைக்கும் சென்சார் வந்தது இதற்காகத்தான்.

சரி, அந்த சென்சாரால் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும்? கட்டடம் எழும்புவதற்கு முன்பே இதைக் கணக்கில் காட்ட வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தியாவில் 2001ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007ல் வெளியாகி, 2017ல் திருத்தப்பட்டது. 2017 பதிப்பு 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புச் சுமை உள்ள கட்டடங்களுக்கானது. கடைத்தெருவின் சின்னக் கடைகள் இதில் வராது.

விதிக்குள் அடங்குகிறோம் என்று காட்ட ஒரு வழி, கணினியில் இரண்டு கட்டடங்களை உருவாக்குவது. ஒன்று கட்டப்போகும் கட்டடம். மற்றொன்று, அதே அளவில் விதியை மட்டும் பின்பற்றும் கட்டடம். முதலாவது இரண்டாவதைவிட அதிகம் செலவழிக்கக் கூடாது. பி.காம் மாணவர்களுக்கு இது புதிதல்ல, ஸ்டாண்டர்டு காஸ்டிங் மாதிரிதான்.

விளக்குச் செலவு என்பது வாட்டை நேரத்தால் பெருக்குவது. வாட்டை விளக்குகளை எண்ணிச் சொல்லிவிடலாம். நேரம் மனிதர்கள் கையில் இருக்கிறது. அதனால் பல தரநிலைகள் ஒரு நிலையான சதவீதத்தைக் கொடுத்துவிடுகின்றன. அமெரிக்காவின் ஆஷ்ரே 90.1 தரநிலையின் 2004ம் ஆண்டுப் பதிப்பில், 5,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடத்தில் ஆள் உணரும் சென்சாருக்கு 10 சதவீதம் கழிவு உண்டு. டைமருக்குக் கழிவே இல்லை. ஏன்? அந்த அளவுக் கட்டடத்தில் தானியங்கி அணைப்பு ஏற்கெனவே கட்டாயம். கட்டாயமாகச் செய்வதற்குச் சலுகை கேட்க முடியாது அல்லவா!

இந்திய விதியும் இப்படி இறுகியிருக்கிறது. ஆள் வெளியேறி 30 நிமிடத்துக்குள் சென்சார் விளக்கை அணைக்க வேண்டும் என்றது 2007 பதிப்பு. 2017 பதிப்பில் அது 15 நிமிடமானது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1,000 சதுர மீட்டர் அலுவலகம், சதுர மீட்டருக்கு 10 வாட், வருடத்துக்கு 2,500 மணி நேரம். மொத்தம் 25,000 யூனிட். சென்சாருக்கு 10 சதவீதம் என்றால் மிச்சம் 2,500 யூனிட். ஆனால் சென்சாரும் கன்ட்ரோலரும் இரவு பகலாக மின்சாரம் குடிக்கின்றன. 2007ம் ஆண்டின் ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 15193, சரியான தகவல் இல்லாதபோது இதற்கு வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 யூனிட் என்று வைக்கச் சொன்னது. நம் அலுவலகத்துக்கு அது 5,000 யூனிட்! ஒரு புத்தகப்படி லாபம், இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம். உண்மையான கருவி இதைவிட மிகக் குறைவாகவும் எடுக்கலாம். அளந்தால்தான் தெரியும்.

ஸ்டாண்டர்டு காஸ்டிங்கில் ஸ்டாண்டர்டு மட்டும் எழுதினால் யாரும் மதிப்பெண் தரமாட்டார்கள். அசல் செலவையும் எழுதி வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். கட்டடக் கணக்கிலும் அந்தப் பத்தி வேண்டும். விளக்குகளுக்குத் தனி மீட்டர் வைத்து, ஒரு வருடம் கழித்துப் படித்துப் பார்த்தால் போதும்.

மேல்பட்டாம்பாக்கம் இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில்தான் நெய்வேலி இருக்கிறது. 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். காகிதத்தில் மிச்சமாகும் யூனிட்டால் அங்கே ஒரு கூடை நிலக்கரிகூட மிச்சமாகாது. மீட்டரில் குறைந்தால்தான் மிச்சம். கடைக்காரருக்கு இது பில்லைப் பார்த்தாலே தெரியும். பெரிய கட்டடங்களும் தங்கள் பில்லை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.