பித்தளைக்கு வந்த மவுசு

பங்காரப்பேட்டையில் மாரிக்குப்பம் ரயிலேறி ஊரிகத்தில் இறங்கினால், சயனைடு மண்மேடுகள் வரவேற்கின்றன. வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்த பூமி. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்களை மூடினார்கள். மிச்சம் இருப்பது பழைய சாமான்கள்.

காயலான் கடையில் ஒரு பித்தளை கார்பைட் விளக்கு. கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்ட, பிறக்கும் வாயு எரிந்து வெளிச்சம் தரும்.

"முன்னே எடைக்குப் போட்டாங்க சார். இப்போ பெங்களூர்லேருந்து கார்ல வந்து கேக்கிறாங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

அருகில் நின்ற ஓய்வுபெற்ற தொழிலாளி சிரித்தார். "எங்கப்பா விளக்கை நானும் எடைக்குத்தான் போட்டேன். திருப்பி வாங்க இப்ப வக்கில்லே."

விளக்கைக் கீழே வைத்தேன். அவர் அதை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி வைத்தார்.