நாலு பக்கமும் சரி... மனை மட்டும் கோணல்!

சிவில் படிக்கிறவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க பார்ப்போம். மெக்கானிக்கல்காரங்களும் தூக்கலாம், தப்பில்லை. கேட் லேபில் உங்களுக்கு முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தாங்க? 'எல்' அடி, என்ட்டர் தட்டு, இங்க ஒரு கிளிக், அங்க ஒரு கிளிக், எஸ்கேப். கோடு ரெடி. 'அட, இவ்வளவுதானா!' என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க. அடுத்த வாரமே வீட்டு பிளான், அதுக்கடுத்த வாரம் த்ரீ-டி. அந்தப் பாவப்பட்ட கோட்டை அப்புறம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நான் பார்க்க வேண்டியதாயிற்று. காரணம் என் மாமாவின் மனை.

எங்க ஊர் கதிர்காமம். முருகன் கோயில் இருக்கிற இலங்கைக் கதிர்காமம் இல்லீங்க, புதுச்சேரி கதிர்காமம். அப்பா கொத்தனார். அம்மாவோட தம்பி, பல வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் இருபதுக்கு நாற்பதில் ஒரு மனை வாங்கியிருந்தார். வீடு கட்டணும். பத்திரத்தில் இருந்த அளவை வைத்து ஒரு இடத்தில் பிளானும் போட்டு வாங்கி வந்துவிட்டார். முன்பக்கம் 20 அடி, பின்பக்கம் 20 அடி, இரண்டு பக்கவாட்டிலும் 40, 40. பிளானில் பளிச்சென்று ஒரு செவ்வகம். யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

குறை சொன்னது நூல். மார்க்கிங் போட அப்பா முளை அடித்து நூல் கட்டினார். முன்பக்கத்திலிருந்து மூலைமட்டம் பிடித்து, பிளானில் இருக்கிற மாதிரியே நேராக நூலைப் பின்னால் இழுத்தால், இடதுபக்கப் பின்மூலை பக்கத்து வீட்டுக்காரரின் காம்பவுண்டுக்குள் போய் நிற்கிறது. கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் அடி.

மாமாவுக்குக் கண் சிவந்துவிட்டது. "பாத்தியா பாப்பா, என் இடத்துல சுவரைக் கட்டி வெச்சிருக்கான்! பத்திரம் என்கிட்ட இருக்கு, விட மாட்டேன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், மாமா மனை வாங்கினப்போ சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். அவங்க பொண்ணு எனக்கு ஸ்கூல் ஜூனியர். அப்பாதான் தடுத்தார். "இரு, இரு. கோணம் பாக்காம யாரையும் பேசாத." என் பக்கம் திரும்பி, "பாப்பா, டேப்பைப் புடி. குறுக்க அளக்கலாம்" என்றார்.

மூலைக்கு மூலை குறுக்கே அளந்தோம். ஒன்று 45 அடி 6 அங்குலம். இன்னொன்று 43 அடி 11 அங்குலம்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. இருபதுக்கு நாற்பது நிஜமாகவே செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் ஒரே நீளம் இருக்கணும். பிதாகரஸைக் கூப்பிட்டால் 44 அடி எட்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே என்பார். நமக்கு வந்தது இரண்டு வேறு வேறு நீளம். அப்படியானால் மனை செவ்வகம் இல்லை, சாய்ந்து நிற்கிற ஒரு இணைகரம். நாலு பக்கமும் சரி, மனை மட்டும் கோணல்! தீப்பெட்டியின் வெளிக்கூட்டை எடுத்து லேசாக அமுக்கிப் பாருங்க. எந்தப் பக்கமும் நீளமோ குட்டையோ ஆகாது, ஆனால் கூடு சாயும். அதேதான்.

அன்று ராத்திரி சிஸ்டத்தில் உட்கார்ந்தேன். சாதாரணமாக எல்லோரும் எஃப்-8 அமுக்கி 'ஆர்த்தோ'வை ஆன் செய்துவிட்டுத்தான் கோடு போடுவோம். கை கோணினாலும் கோடு கோணாது, ஜாலி! ஆனால் யோசிச்சுப் பாருங்க. ஆர்த்தோ ஆனில் இருந்தால் நீங்க எதைப் போட்டாலும் 90 டிகிரிதான். மாமாவுக்கு வந்த பிளானில் இருந்த செங்கோணம் மனையிலிருந்து வந்ததில்லை. பத்திரத்தில் நாலு நீளம் இருந்தது, கோணம் எங்கேயும் எழுதியில்லை. அந்தக் கோணத்தைப் போட்டது ஒரு பட்டன்.

அதனால் எஃப்-8 ஆஃப். முன்பக்கத்துக்கு 20 அடியில் ஒரு கோடு. அதன் இடது முனையை மையமாக வைத்து 40 அடி ஆரத்தில் ஒரு வட்டம். வலது முனையை மையமாக வைத்து 43 அடி 11 அங்குலத்தில் இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டுகிற இடம் இடதுபக்கப் பின்மூலை. இதேபோல் வலது முனையிலிருந்து 40, இடது முனையிலிருந்து 45 அடி 6 அங்குலம். அது வெட்டுகிற இடம் வலதுபக்கப் பின்மூலை. பள்ளிக்கூடத்தில் காம்பஸ் வைத்து முக்கோணம் வரைந்தோமே, அதுதான். ஸ்னாப்பில் 'இன்டர்செக்‌ஷன்' டிக் அடித்திருக்கணும், அது முக்கியம். 'நியரஸ்ட்' ஆனில் இருந்தால் வட்டத்தின் மேல் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு, சரியாகப் பிடித்த மாதிரியே உங்களை ஏமாற்றும்.

அப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். பின்பக்கக் கோட்டுக்கு நான் நீளமே கொடுக்கவில்லை. கிடைத்த இரண்டு மூலைகளையும் இணைத்துவிட்டு 'டிஸ்ட்' கேட்டேன். 20 அடிக்குக் கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் கூடக் குறைவாகக் காட்டியது. குறுக்களவை நாங்கள் முழு அங்குலத்துக்குத்தான் படித்திருந்தோம், அதனால் அந்த வித்தியாசம் வரத்தான் செய்யும். நாங்கள் பிடித்த அளவுகள் ஒன்றுக்கொன்று பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் நிச்சயமானது. முன்மூலைக் கோணங்களைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஏறக்குறைய 87 அரை டிகிரி, இன்னொரு பக்கம் 92 அரை.

பரப்பளவு எவ்வளவு தெரியுமா? 799 சதுர அடிக்கு மேலே. செவ்வகமாக இருந்தால் 800. ஒரு சதுர அடிகூடக் குறையவில்லை! அதனால்தான் பத்திரத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரெண்டரை டிகிரி கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். நாற்பது அடி தள்ளிப் போய்ப் பார்த்தால் 1 அடி 9 அங்குலம்.

மாமாவுக்கு பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். பிளானில் இருந்த செவ்வகம் சிவப்பில், நிஜ மனை கறுப்பில், ஒன்றன்மேல் ஒன்று. இடதுபக்கம் 'போன' ஒண்ணே முக்கால் அடி, வலதுபக்கம் அப்படியே எக்ஸ்ட்ராவாக நிற்கிறது. யாரும் யார் இடத்தையும் எடுக்கவில்லை. மாமா ரொம்ப நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அவன் சுவரு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. (ஒரு விஷயம் சொல்லிடறேன். நாம வரைகிற படம் எல்லையை முடிவு செய்யாது. அதற்கு முறைப்படி மனு போட்டு சர்வேயர் வந்து அளக்கணும். நாங்களும் அதைச் செய்த பிறகுதான் கடைக்கால் தோண்டினோம்.)

புதுச்சேரியின் பழைய நகரத்துக்குள் போனால் இந்தப் பிரச்னை இவ்வளவு இருக்காது என்று தோன்றும். டச்சுக்காரர்கள் 1693-ல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தபோது போட்ட கட்டம்தான் அங்கே அடிப்படை. அதன்மேல்தான் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்தை வளர்த்தார்கள். தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி. கதிர்காமம் மாதிரி பூல்வாருக்கு வெளியே இருக்கிற இடங்களுக்கு யாரும் அப்படிக் கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. வரப்பு தெருவானது, கொல்லை மனையானது. வரப்புக்கு ஏது எஃப்-8?

மெக்கானிக்கல் நண்பர்களே, தூங்கிடாதீங்க. இதையே உங்க சாலிட்வொர்க்ஸில் செய்து பாருங்க. ஒரு ஸ்கெட்ச் திறந்து நாலு கோடு போடுங்க. ஒரு மூலையை ஆரிஜினில் வைத்து, கீழ்க்கோட்டைக் கிடைமட்டம் ஆக்கி, நாலுக்கும் நீளம் கொடுங்க. மற்ற மூன்று கோடும் இன்னும் நீலத்திலேயே இருக்கும். மவுஸால் இழுத்தால் ஆடும். ஒரே ஒரு மூலைவிட்டத்துக்கு அளவு கொடுங்க, மொத்தமும் கறுப்பாகி உறைந்துவிடும். 'நாலு நீளம் போதாதுப்பா' என்று சாஃப்ட்வேர் அந்த நீலத்தில்தான் சொல்கிறது. நாம்தான் கவனிக்காமல் எக்ஸ்ட்ரூட் அடித்துவிடுகிறோம். இந்த ஐடியா புதுசும் இல்லை. 1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்டத்துக்குச் செய்த 'ஸ்கெட்ச்பேட்'டிலேயே, ஒளிப்பேனாவால் திரையில் ஏனோதானோவென்று கோடு இழுத்துவிட்டு, 'இது அதுக்கு இணை', 'இது செங்குத்து' என்று கட்டளை கொடுத்தால் கோடுகள் தானே சரிசெய்துகொள்ளும். ஆட்டோகேட் முதலில் வந்ததே 1982 டிசம்பரில்தான். அதற்கும் ஏறக்குறைய இருபது வருஷம் முன்னால்!

கோடு சேர்கிற இடத்துக்கும் வருவோம். சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை கோடு என்பது இரண்டு முனைப் புள்ளிகள். அதன் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது. திரையில் மூலை ஒட்டின மாதிரி இருக்கும். ஸூம் செய்துகொண்டே போங்க, நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி சிரிக்கும். ஹாட்ச் நிரம்பாமல் அடம்பிடிக்கிறதா? முக்கால்வாசி நேரம் காரணம் இதுதான். 'ஃபில்லட்' எடுத்து ஆரம் பூஜ்யம் கொடுத்து இரண்டு கோட்டையும் தொடுங்க. நீளமாக இருப்பது வெட்டுப்படும், குட்டையாக இருப்பது நீண்டு வந்து சேரும். டிரிம், எக்ஸ்டெண்ட் இரண்டையும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டாம். ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோடு கிடந்தால் 'ஓவர்கில்' அடிங்க. பேர் பயங்கரமாக இருந்தாலும் வேலை சுத்தம்.

ஹாட்ச் நிரம்பாவிட்டால் அசிங்கம், அவ்வளவுதான். அதே சென்டர் லைனை ஸ்டாடுக்கு அனுப்பினீங்கன்னா கதை வேற. அங்கே கோடு பீம் ஆகிவிடும், முனை நோட் ஆகிவிடும். ஒரு நீளமான பீமின் நடுவில் ஒரு குறுக்கு பீம் வந்து முட்டுகிறது என்று வையுங்க. பெரிய பீமை ஒரே கோடாக விட்டுவிட்டால் முட்டுகிற இடத்தில் நோட் கிடையாது. படத்தில் தொடும், கணக்கில் தொடாது. அந்தக் குறுக்கு பீம் தன் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்பதாகவே கணக்குப் போகும். பெரிய பீமுக்கு வரவேண்டிய பாரம் அதன் கணக்கில் வரவே வராது. எர்ரர்கூட வராமல் ரிசல்ட் வரலாம் என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய சமாசாரம். கம்பி கட்டுகிறவர் அந்த ரிசல்ட்டைப் பார்த்துத்தான் கட்டுவார். அதனால் அனாலிசிஸ் கொடுக்கும் முன்னால், வெட்டிக்கொள்கிற மெம்பர்களை 'இன்டர்செக்ட்' செய்து உடைச்சுடுங்க. டூப்ளிகேட் நோட் இருக்கா என்று ஒருதரம் தேடிடுங்க.

மாமா வீட்டுக்கு வருவோம். நேர்ச் செவ்வகமாகவே கட்டினால் அகலம் 18 அடி 3 அங்குலம்தான் தேறும். "ஒரு அடிகூட விட மாட்டேன்" என்றார் மாமா. அவர் கஷ்டம் அவருக்கு. அதனால் ஹாலையும் படுக்கையறையையும் சரியான செங்கோணத்தில் வைத்து, மொத்தச் சாய்வையும் மாடிப்படி, பாத்ரூம் இருக்கிற பட்டையில் தள்ளினோம். மனைக் கோட்டிலிருந்து 'ஆஃப்செட்' எடுத்து வெளிச்சுவர், ஹாலின் கோட்டிலிருந்து 'ஆஃப்செட்' எடுத்து உள்சுவர், இரண்டும் சந்திக்கிற இடமெல்லாம் பூஜ்ய ஃபில்லட். படத்தை முடிக்க மூணு ராத்திரி ஆனது. சைட்டில் அப்பா ஒரே காலையில் நூல் கட்டி முடித்துவிட்டு, குறுக்கே டேப்பை இழுத்துப் பார்த்தார். நான் பிரிண்டில் எழுதியிருந்த எண்ணைக் கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். அப்பாவிடம் 'ம்' வாங்குவது செமஸ்டரில் டிஸ்டிங்ஷன் வாங்குவதைவிடக் கஷ்டம்.

பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்ட வந்த அண்ணன்தான் கடைசிவரை புலம்பினார். சுவர் ஓரத்து டைல்ஸ் ஒவ்வொன்றையும் ஆப்பு மாதிரி சாய்வாக வெட்ட வேண்டியிருந்தது. "யாரும்மா இந்தப் பிளான் போட்டது?" என்று கட்டரை நிறுத்திவிட்டு என்னையே கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தன் காம்பவுண்டு மேல் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் எங்க வீட்டு டீ டம்ளர்.