தோற்றவரின் ஸஜ்தா



சென்ற வாரம் மதரஸாவில் 'ஸுஜூதுஷ் ஷுக்ர்' என்னும் நன்றி ஸஜ்தாவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியூட்டும் செய்தி வந்தால் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தி ஸஜ்தாவில் விழுவார்கள் என்று விளக்கியபோது, பின்வரிசையிலிருந்த ஒரு சிறுவன், "எகிப்து ஆட்டக்காரர்கள் கோல் போட்டதும் செய்வார்களே, அதுதானா உஸ்தாத்?" என்று கேட்டான். "அதுதான்" என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "தோற்றுப்போனால் என்ன செய்வார்கள் உஸ்தாத்?"

வகுப்பு சிரித்தது. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. "நாளை சொல்கிறேன்" என்று சமாளித்துவிட்டு வீடு திரும்பினேன். அன்றிரவு என் நினைவில் நின்றவர் எகிப்தின் நடுக்கள ஆட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்ற முஹம்மது அபூ திரீகா.

1978ஆம் ஆண்டு கீஸா மாகாணத்திலுள்ள நாஹியா என்ற ஊரில் பிறந்தவர் அவர். கெய்ரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர். தர்ஸானா கழகத்தில் ஆடத் தொடங்கி, 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அல் அஹ்லி கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 25 வயது. கால்பந்தில் அது பெயரெடுத்திருக்க வேண்டிய வயது. அவருடைய பெயரோ அதன் பிறகுதான் பரவியது.

2006இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம் ஐவரி கோஸ்ட்டுக்கு எதிராகக் கோல் எதுவுமின்றி முடிந்து பெனால்ட்டிக்குச் சென்றது. கோப்பையை உறுதி செய்த உதை அவருடையது. அதே ஆண்டு நவம்பரில் துனிசியாவில் ஸஃபாக்ஸி கழகத்துக்கு எதிரான ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக் இறுதி. கோலின்றி முடிந்திருந்தால் கோப்பை எதிரணிக்குப் போயிருக்கும். தொண்ணூறு நிமிடங்களும் கடந்த பின்னர் இடது காலால் அவர் அடித்த பந்து வலைக்குள் சென்றது. 2008இல் அக்ராவில் கேமரூனை வென்று எகிப்து மீண்டும் ஆப்பிரிக்கக் கோப்பையைக் கைப்பற்றிய இறுதி ஆட்டத்திலும் ஒரே கோல் அவருடையதே. ஹஸன் ஷஹாதா பயிற்சியளித்த அந்த அணியை, 'ஸஜ்தா செய்வோரின் அணி' என்றே மக்கள் அழைத்தார்கள்.

நம் பிள்ளைகள் அறிந்திருப்பது இந்தப் பகுதியைத்தான். வெற்றியும் ஸஜ்தாவும் ஒன்றாக வரும் பகுதி அது. அந்தச் சிறுவன் கேட்டதோ மற்றொரு பகுதியைப் பற்றி.

கானாவில் குமாசி என்றொரு நகரம் இருக்கிறது. 2008 ஜனவரியில் அங்கே சூடானுக்கு எதிராகக் கோல் அடித்ததும், அபூ திரீகா தம் சட்டையை உயர்த்தி, உள்ளே அணிந்திருந்த பனியனைக் காட்டினார். முற்றுகையில் வாடிய காஸா மக்களுக்காக இரங்கும் வாசகம் அரபியிலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதப்பட்டிருந்தது. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அன்று முஸ்லிம் உலகமெங்கும் அவருடைய பெயர் பேசப்பட்டது. அதே குமாசிக்கு 2013 அக்டோபரில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்காக அவர் மீண்டும் சென்றார். எகிப்து 6-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலைப் பெனால்ட்டியில் அடித்தவரும் அவரே. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் உம்துர்மானில் அல்ஜீரியாவிடம் ஒரே கோலில் தோற்று உலகக் கோப்பை வாய்ப்பை இழந்த அணியிலும் அவர் இருந்தார். ஆப்பிரிக்காவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான அவர், ஓர் உலகக் கோப்பை ஆட்டத்தில்கூட ஆடாமலேயே 2013 டிசம்பரில் ஓய்வு பெற்றார்.

ஆயினும் இவை ஆட்டத்தின் தோல்விகள்தாம். 2012 பிப்ரவரி 1 அன்று போர்ட் ஸயீத் மைதானத்தில் நிகழ்ந்ததை அப்படிச் சொல்ல முடியாது. அல் அஹ்லி ரசிகர்கள் தாக்கப்பட்டு, நெரிசலில் சிக்கி, எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களுள் பலர் இளைஞர்கள். ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையிலேயே, அபூ திரீகாவின் கண்ணெதிரே, ரசிகர் ஒருவரின் உயிர் பிரிந்தது. இனி ஆடுவதில்லை என்று அவர் அறிவித்தார். பின்னர் மனம் மாறித் திரும்பினார். ஆனால், அவ்வாண்டு செப்டம்பரில் சூப்பர் கோப்பை ஆட்டம் நடத்தப்பட்டபோது, இறந்தோருக்கு நீதி கிடைக்கும் முன்னர் ஆடக் கூடாது என்ற ரசிகர்களின் பக்கம் நின்று களமிறங்க மறுத்தார். அவருடைய கழகமே அவருக்கு அபராதம் விதித்து, ஆடவும் தடை விதித்தது. மக்கள் கைதட்டும் ஒரு கோலைவிட, ஆடாமல் அமர்ந்திருந்த அந்த ஒரு நாள் அவருக்குக் கடினமாக இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

ஓய்வுக்குப் பின்னர் கத்தார் சென்று, தொலைக்காட்சியில் கால்பந்து விமர்சகராகப் பணியாற்றினார். தடை செய்யப்பட்ட இயக்கத்துக்குப் பொருளுதவி செய்தார் என்று குற்றம் சாட்டி, எகிப்து அரசு 2015இல் அவருடைய சொத்துக்களை முடக்கியது. 2017 ஜனவரியில் அவருடைய பெயர் பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அக்குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. மறுமாதமே நாஹியாவில் அவருடைய தந்தை வஃபாத்தானார். தோஹாவிலிருந்த மகனால் ஜனாஸாவில் கலந்துகொள்ள முடியவில்லை.

அந்தச் செய்தியை வாசித்த நாளில் நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் சில ஆண்டுகள் குவைத்தில் ஒரு பள்ளிவாசலில் இமாமாக இருந்தேன். ஒருநாள் ஃபஜ்ருக்குப் பின்னர் ஊரிலிருந்து தம்பி அழைத்து, வாப்பா மவ்த்தாகிவிட்டார்கள் என்றான். அன்று எனக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. "காக்கா, நீங்கள் வரும்வரை வைத்திருக்கவா?" என்று கேட்டான். மய்யித்தை அடக்கம் செய்வதில் தாமதிக்கலாகாது என்று எத்தனையோ மேடைகளில் பேசியவன் நான். "காத்திருக்க வேண்டாம், அடக்கிவிடுங்கள்" என்றேன். மார்க்கம் சொன்னதைத்தான் சொன்னேன். ஆனாலும் என் வாயால் அதைச் சொன்னேனே என்ற உறுத்தல் பல ஆண்டுகள் என்னைவிட்டு நீங்கவில்லை.

அன்று அஸருக்குப் பின்னர் ஊரில் அடக்கம் நடந்தது. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபின்படி நான் குவைத்தில் காயிப் ஜனாஸா தொழுதேன். அபிசீனியாவின் மன்னர் நஜாஷி இறந்தபோது மதீனாவிலிருந்தே நபியவர்கள் ஜனாஸா தொழுதார்கள் என்ற செய்தியைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அதன் அருமையை அன்றுதான் உணர்ந்தேன். தொழுது முடித்ததும் மஃரிபுக்கு பாங்கு சொன்னார்கள். இமாமாக நின்றவன் நானே. ஃபாத்திஹாவில் குரல் தடுமாறியது. ஸஜ்தாவுக்குச் சென்றபோது, எழ மனமில்லை.

எனக்குத் தடையாக இருந்தது விமானத்தில் ஓர் இடம் மட்டுமே. இரண்டு நாள்களில் வாப்பாவின் கபரருகே நின்று துஆ செய்துவிட்டேன். அபூ திரீகாவுக்கு அந்த வழியும் இருக்கவில்லை. வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகளைப் பெற்ற நம் குடும்பங்களில், இந்த வேதனையை அறியாத வீடு குறைவு.

மறுநாள் வகுப்பில் அந்தச் சிறுவனை அழைத்துப் பதில் சொன்னேன். "கோல் அடித்தவர் செய்யும் ஸஜ்தா சுன்னத். மஃரிப் தொழுகையின் ஸஜ்தாவோ ஃபர்ளு. அது வென்றவருக்கும் உண்டு, தோற்றவருக்கும் உண்டு. தோற்றுப்போனால், தொழுகை நேரம் வந்ததும் அவர்களும் ஸஜ்தா செய்வார்கள். அதைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டார்கள்."

அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் நேற்று நாங்கள் தோற்ற பிறகு மஃரிப் தொழுதோமே, அதுவும் கணக்கா உஸ்தாத்?" என்றான்.

"அதுதான் கணக்கு" என்றேன்.

பெற்றோரே! பிள்ளைகள் ஆடட்டும், வெற்றி கிடைத்தால் ஸஜ்தாவும் செய்யட்டும். தோற்றுத் திரும்பும் மாலையில் அவர்களைக் கடிந்துகொள்ளாமல், ஒளூச் செய்யச் சொல்லி, உங்கள் அருகில் தொழுகைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்பத்தில் நன்றியும் துன்பத்தில் பொறுமையும் மூமினுக்கு நன்மையே என்று நபியவர்கள் கற்பித்ததை, அந்த மாலைகளில்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

யா அல்லாஹ்! மறைந்த எங்கள் பெற்றோரின் கபர்களை ஒளிமயமாக்குவாயாக! தொலைதூரத்தில் இருந்துகொண்டு அவர்களுக்காக அழுத பிள்ளைகளின் துஆக்களை ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.