அயலார் வளர்ந்த ஆட்டம்

உப்பு ஒரே நாளில் விளைந்துவிடுவதில்லை. மரக்காணத்து அளங்களில் உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவிட்டு, நாள்கணக்கில் காத்திருந்த பின்னரே வெண்மணிகள் கண்ணில் படுகின்றன. இக்கடற்கரையில் வளர்ந்த எனக்கு எந்த வளர்ச்சியையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கும் பழக்கம் படிந்துவிட்டது. தெற்காசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியின் வரலாற்றை நினைக்கும்போதும் அதையே செய்கிறேன்.

தெற்காசிய நாடுகளின் ஆண்கள் கோப்பைக்கான போட்டி 1993இல் லாகூரில் தொடங்கியது. அதில் இந்தியா வென்றது. பெண்களோ தங்களுக்கென ஒரு கோப்பையைக் காணப் பதினேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2010 டிசம்பரில், வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் என்னும் கடற்கரை நகரில் முதற்போட்டி நிகழ்ந்தது. இறுதியாட்டத்தில் நேபாளத்தை 1-0 என வென்று இந்தியா கோப்பையைப் பெற்றது. அதே போட்டியில் பூட்டானை நம் அணி வென்ற கணக்கு 18-0! ஆடத் தெரிந்தவர்களும், அப்போதுதான் ஆடுகளத்தில் கால்வைத்தவர்களும் எதிரெதிரே நின்ற காலம் அது.

அதன்பின் 2012இல் கொழும்பிலும், 2014இல் இஸ்லாமாபாத்திலும் இந்தியாவே வென்றது. எல்லையில் பகை புகைந்துகொண்டிருந்த நாள்களில், பாகிஸ்தான் தலைநகரில் நம் பெண்கள் நேபாளத்தை 6-0 என வென்று கோப்பையை ஏந்தி நின்றதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 2017 சனவரித் தொடக்கத்தில் சிலிகுரியில் வங்கதேசத்தை 3-1 எனவும், 2019 மார்ச்சில் பிராட்நகரில் நேபாளத்தை 3-1 எனவும் வென்றபோது, ஐந்து போட்டிகளிலும் ஒரு தோல்வியும் காணாத அணியாக இந்தியா திகழ்ந்தது.

இந்த வெற்றிகளில் எங்கள் கடற்கரைக்கும் பங்குண்டு. மரக்காணத்திலிருந்து தெற்கே சென்று புதுச்சேரியைக் கடந்தால் கடலூர். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை எங்கள் கரையையும் அவர்கள் கரையையும் ஒருசேர அடித்துச் சென்றது. அந்தக் கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் போன்றோர் எளிய குடும்பத்துச் சிறுமியருக்குப் பந்தாடக் கற்றுக்கொடுத்தனர். கடலூர் இந்துமதி கதிரேசன் 2019 அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா அடித்த நான்கு கோல்களில் இரண்டை அடித்தார். அதே மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதனும் அவ்வணியில் இருந்தார். 2018இல் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றதும் இந்த மண்ணின் உழைப்பே. இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது சென்னைச் சாலைகளில் நின்று பணியாற்றியவர். எங்கள் தெருப் பெண்களிடம் இதைச் சொன்னபோது, கோல்களைவிட அந்தக் காக்கி உடையே அவர்களை வியக்கவைத்தது. உப்புக் கூடையைத் தலையில் சுமந்தே முதுமையடைந்த தாய்மாருக்கு, பந்தும் ஒரு பிழைப்பைத் தரும் என்பது புதுச்செய்தி.

2022 செப்டம்பரில் காட்மாண்டுவில் நிலைமை தலைகீழாயிற்று. குழு ஆட்டத்தில் வங்கதேசம் நம்மை 3-0 என வென்றது. அரையிறுதியில் நேபாளம் 1-0 என வென்றது. அதற்கு முந்தைய மாதந்தான் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை உலகக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்து, சில நாள்களில் மீண்டும் சேர்த்திருந்தது. அதனால் நேர்ந்த குழப்பத்தைச் சிலர் காரணமாகக் கூறினர். எனக்கும் அன்று அவ்வாறு சொல்லி ஆறுதல் கொள்ளவே மனம் விழைந்தது. ஆயினும் வங்கதேச அணியைப் பற்றி அறிய அறிய அந்த ஆறுதல் தேவையற்றதாயிற்று.

மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்றொரு சிற்றூர். அங்குள்ள பள்ளிச் சிறுமியர் தொடக்கப் பள்ளிகளுக்கான நாடு தழுவிய போட்டியில் ஆடத் தொடங்கினர். ஊராரின் ஏச்சையும் வறுமையையும் தாங்கி ஆடினர். இறுதியாட்டத்தில் நேபாளத்தை 3-1 என வென்ற அந்த அணியில் அவ்வூர்ப் பெண்கள் எட்டுப்பேர் இடம்பெற்றிருந்தனர். தலைவி சபினா காத்தூன் அப்போட்டியில் எட்டுக் கோல்கள் அடித்தார். டாக்கா நகரம் அவர்களைத் திறந்த பேருந்தில் ஏற்றிக் கொண்டாடியது. கல்சிந்தூரும் கடலூரும் ஒரே கதையின் இரு பக்கங்கள் அல்லவா? சிலிகுரியின் குழு ஆட்டத்தில் இந்தியாவோடு 0-0 எனச் சமநிலை கண்டபோதே அவர்களுடைய பாத்தியில் உப்பு விளையத் தொடங்கிவிட்டது. நாம்தான் கவனிக்கவில்லை.

2024இலும் காட்மாண்டுவில் நேபாளத்தை 2-1 என வென்று வங்கதேசமே கோப்பையைத் தக்கவைத்தது. இதை இந்தியாவின் வீழ்ச்சி என்று மட்டும் எழுதிவிடலாகாது. 18-0 என்னும் வெற்றியால் வென்றவர் கற்பது மிகக் குறைவு. தனக்கு நிகரான அயலார் இருந்தால்தான் தன் குறை தெரியும். 2025 சூலையில் வங்கதேசம் முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றது. சில நாள்களில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று இந்தியாவும் தகுதிபெற்றது. தகுதிச்சுற்றில் வென்று அவ்விடத்தை இந்தியா அடைந்தது அதுவே முதன்முறை.

இந்த மகிழ்ச்சியின் நடுவே ஓர் இடம் வெறுமையாக நிற்கிறது. முதல் நான்கு போட்டிகளிலும் ஆடிய ஆப்கானிஸ்தான் பெண்கள், 2021க்குப் பின் தம் நாட்டு மைதானங்களில் கால்வைக்கவும் இயலாதவர் ஆயினர். பல ஆண்டுகள் பாத்தி கட்டிச் சேர்த்த உப்பை ஒரே மழை கரைத்துவிடும் என்பதை எங்கள் ஊரார் அறிவர்.

ஆகவே, நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் மாலை வேளையில் பெண்பிள்ளைகளுக்கும் இடமுண்டா என்று கேட்பது சிறிய கேள்வி அன்று. பையன்கள் ஆடி முடித்த பின் எஞ்சும் அரைமணி நேரம் போதாது. அவர்களுக்கென ஒரு பந்தும், ஒரு மணி நேரமும், வீட்டார் இசைவும் வேண்டும். அடுத்த இந்துமதி மரக்காணத்திலிருந்து வருவாளா என்பதை நானறியேன். அவள் ஆடுவதற்கு ஒரு களம் இருக்கவேண்டும் என்பதை மட்டும் அறிவேன்.