விட்டுவிட்டு ஒலிக்கும் கணினி

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, வானொலி உதிரி உறுப்புகளின் சந்தையாக இருந்து கணினிச் சந்தையாக வளர்ந்த இடமாதலால், அங்குள்ள பழுதுபார்க்கும் மேசைகளில் சோல்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் பென் டிரைவும் அருகருகே கிடக்கின்றன. அம்மேசைகளுக்கு வரும் குறைகளுள், அறவே ஒலிக்காத கணினியைவிட விட்டுவிட்டு ஒலிக்கும் கணினியே பணியாளரை மிகுதியாக அலைக்கழிக்கிறது. வீட்டில் நாள்தோறும் தொல்லை தந்த கருவி, மேசையில் ஏறியதும் பெரும்பாலும் குறையின்றிப் பாடிவிடுகிறது. ஆகவே இத்தொழிலின் நுட்பம், குறையை நீக்குவதைவிட அதனைக் கண்முன் வரவழைப்பதிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

தேர்ந்த பணியாளர் முதலில் கணினியைத் திறப்பதில்லை. பென் டிரைவில் உள்ள லினக்ஸைக் கொண்டு அதனை இயக்கி, அதிலும் ஒலி அறுபட்டால் குறை பெரும்பாலும் வன்பொருளில் உள்ளது என்றும், அறுபடாவிட்டால் விண்டோஸிலோ அதன் டிரைவரிலோ, அதாவது உறுப்பினை இயக்கும் சிறு மென்பொருளிலோ, உள்ளது என்றும் அவர் கணிக்கிறார். ஒலி, நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகளாகப் பகுக்கப்பட்டு, பஃபர் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் சிறிது சிறிதாக நிரப்பப்படுகிறது. வைஃபை போன்ற பிறிதோர் உறுப்பின் டிரைவர் செயலியைச் சில மில்லிநொடிகள் பிடித்து வைத்துக்கொண்டால், பஃபர் வறண்டு, ஒலி வெடிப்புடன் அறுபடுகிறது. வைஃபையை அணைத்துவிட்டுக் காது கொடுப்பதே இதற்கான எளிய சோதனை.

வன்பொருட் குறைகளுள் முன்புற ஹெட்போன் ஜாக்கினால் விளைவது தனியே கருதத்தக்கது. செருகியின் வருகையை உணர்த்துவதற்காக ஜாக்கினுள் அமைந்துள்ள சிறு தொடுமுனை தளர்ந்துவிட்டால், ஹெட்போன் செருகப்பட்டதாகவே கணினி தவறாகக் கொண்டு, பின்புற ஸ்பீக்கரை ஊமையாக்கிவிடுகிறது. மதர்போர்டிலிருந்து அந்த ஜாக்குக்குச் செல்லும் ஒயரைக் கழற்றியதும் குறை மறைந்தால் காரணம் உறுதியாகிறது. டிரை சோல்டர், அதாவது ஈயப்பற்று சரியாகப் பிடிக்காத அல்லது விரிசலுற்ற இணைப்பு, இதனினும் கடினமானது. அது பெரும்பாலும் வெப்பம் ஏறிய பின்னரே தன்னைக் காட்டுவதால், கணினியை மூடியபடி நெடுநேரம் ஓடவிட்டு, பின்னர் மின்கடத்தாக் குச்சியால் பலகையை மெல்ல அழுத்திப் பார்க்கின்றனர். இவ்வாறு காத்திருக்கும் பொழுதிற்குக் கூலி பெறுவது அரிது. உறுப்பினை மாற்றினால் பணம் தரும் வாடிக்கையாளர், ஒயரைக் கழற்றிக் குணப்படுத்தியதற்குத் தர முகம் சுளிக்கிறார்.

யுஎஸ்பி சவுண்ட் கார்டை வாங்கிப் பொருத்திவிடுமாறு கூறும் வழக்கம் பரவியதற்கு இந்தக் கூலிச் சிக்கலும் ஒரு காரணம். ஜாக் பழுதாயின் அது சிக்கனமான தீர்வே. டிரைவரால் செயலி தடைப்படும்போதோ, புதிய கார்டின் ஒலியும் அறுபடும்.

பெட்டியை மட்டும் சுமந்துவந்து, ஸ்பீக்கரையும் கேபிளையும் வீட்டிலேயே விட்டுவருவோரே பலர். குறை அவற்றில் இருந்தால் மேசையில் எதுவும் தென்படாது. எனவே பழுதுபார்க்கச் செல்வோர் அவற்றையும் உடன் எடுத்துச் செல்வதோடு, ஒலி எப்போது அறுபடுகிறது, அவ்வேளையில் வேறு எது ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் குறித்துச் செல்ல வேண்டும்.